படலையில் கட்டிய வேப்பிலை

எங்கள் கிராமத்து அரசாங்க ஆசுபத்திரியில் மருந்து கொடுக்கிற யன்னலுக்குப் பின்னால் பல வருடம் நின்றவள் நான். சீனி வருத்தம், பிரசர், மூச்சு முட்டுகிற தொய்வு, நெஞ்சு வருத்தம் என்று மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிற சனத்துக்குக் குளிசை எண்ணிக் கொடுப்பதுதான் வேலை. வாய் எனக்குக் கொஞ்சம் கூடத்தான். வரிசையை முறித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் பேசுகிற பேச்சு ஒழுங்கை கடந்து தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கட்டுமே. அப்படிப் பேசாவிட்டால் ஒருவரின் குளிசை இன்னொருவரின் பையில் போய்விடும்.

கொரோனா வந்த பிறகு அந்த யன்னலைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. முற்றத்தில் ஆளுக்கு ஆள் தள்ளி நிற்பதற்கென்று சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகக் கீறியிருந்தார்கள். எங்கள் சனம் வட்டத்துக்குள் நிற்குமா? விடியவே வந்து, செருப்பைக் கழற்றி வட்டத்துக்குள் வைத்து இடம் பிடித்துவிட்டு, தாங்கள் மதிலோரமும் வேம்படியிலுமாகப் போய்க் குந்திக்கொள்ளும். நான் யன்னலைத் திறந்தால் முற்றம் முழுக்கச் செருப்புகள், ஆளே இல்லை. எல்லாம் யன்னலைப் பார்த்தபடி வரிசையாக இருக்கும். பழைய நாளில் குளிசை எண்ண முடியாத அளவுக்கு இரைச்சலாக இருந்த இடம் அது. இப்போது நான் எண்ணுகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஒரு கிளினிக் நாள், எல்லாரும் மருந்து வாங்கிப் போன பிறகும் ஒரு சோடி செருப்பு வட்டத்துக்குள் அப்படியே கிடந்தது. அடுத்த நாளும் கிடந்தது. கூட்டுகிற பெண் அதைச் சுற்றிக் கூட்டிவிட்டுப் போனாள், ஒருவரும் தொடவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. செருப்பை வைத்துவிட்டு வாசலுக்குப் போன மனிதருக்கு அங்கே நெற்றியில் காய்ச்சல் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் காட்டியதும் அப்படியே அம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். வெறுங்காலோடு போனவர் திரும்பி வரவில்லை. ஒருநாள் மழையோடு மழையாக யாரோ அந்தச் செருப்பை அகற்றிவிட்டார்கள்.

இந்த வருத்தம் யாரைத் தேடி விழுங்குகிறதோ, அவர்களைத்தான் நாங்கள் மாதாமாதம் ஒரே முற்றத்துக்கு அழைத்துக்கொண்டிருந்தோம். சீனி உள்ளவர், நெஞ்சு பலவீனமானவர், மூச்சு முட்டுகிறவர். வராவிட்டால் மருந்து இல்லாமல் சாவார்கள், வந்தால் இதில் சாவார்கள். எங்கள் டொக்டர் பிள்ளை ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே, "அக்கா, நாங்கள் இவையளுக்கு நல்லது செய்யிறமோ கெட்டது செய்யிறமோ எண்டு எனக்கே விளங்கேல்லை" என்றார். அப்படிப்பட்ட ஒருவர் என் வீட்டிலும் இருந்தார்.

அவர் என் அண்ணை. கலியாணம் கட்டாதவர். என் மனிசன் செத்த பிறகு, தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். முப்பது வருடம் பருத்தித்துறை றோட்டில் மினிபஸ் ஓடியவர். சீனி வருத்தம் ஒரு கால் விரலைத் தின்றுவிட்டது, தொய்வு வேறு. காலையும் மாலையும் தன் வயிற்றில் தானே இன்சுலின் ஊசி குத்திக்கொள்வார். குத்தும்போதும் பகிடிதான். "பெற்றோல் அடிக்கிறன், தள்ளி நில்" என்பார்.

அவருக்கு மூக்கு பொல்லாத மூக்கு. பஸ்ஸில் பிரேக் சூடேறினால் கண்டக்டருக்கு முன்னால் அவருக்கு மணக்கும். வீட்டில் அந்த மூக்கால் நான் பட்ட பாடு சொல்லி முடியாது. குசினியில் வெங்காயம் ஒரு பக்கம் சிவந்தால் போதும், முன் விறாந்தையில் இருந்து குரல் வரும்: "எடியே, என்ன கருக்கிறாய்?" சமைக்கிறவளுக்குக் கொதி வருமா வராதா? "மூக்கைக் கழட்டி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டுங்கோ அண்ணை" என்று நான் கத்துவேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்தது ஒரே பயம்தான். கொரோனா வந்தால் அண்ணை தப்பமாட்டார். வருவதென்றால் அது என்னில் ஏறித்தான் வரும். அவர் வேலிப் படலைக்கு வெளியே போவதில்லை, நானோ நாள் முழுக்க நோயாளிகளின் மூச்சுக்கு முன்னால் நிற்கிறவள். அதனால் வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன். வேலியோரமாகச் சுற்றிப் பின்வளவுக் கிணற்றடிக்குப் போய், உடுப்பைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தலையில் நாலு வாளி வார்த்த பிறகுதான் குசினிக் கதவைத் திறப்பேன். அப்படியும் இரண்டு முழம் தள்ளி நின்றுதான் அவருக்குச் சாப்பாடு வைத்தேன்.

ஒரு மத்தியானம் வேலை முடிந்து வந்தபோது எங்கள் படலையில் ஒரு வேப்பங்கொத்து கட்டியிருந்தது. தென்னை மட்டையில் தென்னஞ்சார் கிழித்து நன்றாக இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பச்சைக் கொத்து, அப்போதுதான் முறித்தது.

எங்கள் பக்கத்தில் படலையில் வேப்பிலை கட்டியிருந்தால் அதற்கு ஒரே கருத்துத்தான். உள்ளே ஒருவருக்கு அம்மாள் வந்திருக்கிறது. கொப்பளிப்பான், சின்னமுத்து என்ற அம்மை நோய்களுக்கு எங்கள் ஆட்கள் வருத்தம் என்ற பேரையே சொல்லமாட்டார்கள், அம்மாள் என்றுதான் சொல்வார்கள். இலையைக் கண்டவர்கள் உள்ளே வரமாட்டார்கள், என்ன ஏது என்று கேட்கமாட்டார்கள். வீட்டுக்காரரும் சொல்லமாட்டார்கள். உள்ளே வேப்பிலையில் படுக்கவைத்து, நாள் பார்த்து வேப்பிலை போட்ட தண்ணீர் வார்ப்பார்கள். மருந்து எடுக்கக்கூடாது, உடம்பில் ஊசி படவே கூடாது. இதெல்லாம் எனக்குப் புதிதல்ல, நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அம்மாள் இல்லை. எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. ஆசுபத்திரியில் வேலை செய்கிறவள் கொரோனாவைக் காவி வருகிறாள் என்று ஊர் எனக்குக் குறி வைத்துவிட்டது என்று நினைத்தேன். இவர்களுக்குத்தானே நான் மருந்து எண்ணிக் கொடுக்கிறேன்! கொத்தை அறுத்து ஒழுங்கைக்குள் எறிந்தேன். அடுத்த நாள் மத்தியானம் வந்தால் புதுக் கொத்து. அதையும் எறிந்தேன். மறுநாளும் பச்சையாக ஒன்று. காலையில் நான் போகும்போது வெறும் படலையாக இருக்கும், திரும்பி வரும்போது கட்டியிருக்கும்.

அதோடு ஒழுங்கை செத்துப்போய்விட்டது. மீன்காரர் எங்கள் படலைக்கு முன்னால் ஹோர்ன் அடிப்பதை விட்டார். பால்காரர் போத்தலைத் தெருமுனைக் கல்லில் வைத்துவிட்டுப் போனார். எதிரே வருகிறவர்கள் என்னைக் கண்டால் சைக்கிளை மற்றப் பக்கத்துக்குத் திருப்பினார்கள். கடல்நீரேரிப் பக்கத்துக் காற்று மட்டும்தான் வேலியின் ஓலைக் கிடுகை அசைத்துக்கொண்டிருந்தது. வேலிக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவது கேட்கும், நான் நின்றால் அந்தச் சத்தமும் நின்றுவிடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஒழுங்கை நடுவில் நின்று கத்தினேன். "ஆரடா உது கட்டுறது? கோதாரியிலை போவார்! நேரை வந்து என்னட்டைச் சொல்லத் துணிவில்லையோ?" ஒரு வீட்டில் இருந்தும் சத்தம் வரவில்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கத்தி முடித்த பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் எதிர்வீட்டுப் பெண் தன் வேலிப் பொட்டுக்குள்ளால் மெல்லக் கதைத்தாள். "அக்கா, கோவியாதேங்கோ. நாங்கள் ஒருத்தரும் கட்டேல்லை. உங்கடை வீட்டிலை அம்மாள் எண்டெல்லோ நாங்கள் ஒதுங்கியிருக்கிறம். அதுதான் ஒண்டும் கேக்கேல்லை."

"எங்கடை வீட்டிலை ஆருக்கு அம்மாள்?"

"எனக்கென்னண்டு தெரியும் அக்கா? உள்ளுக்கை இருக்கிறவைக்குத்தானே தெரியும்."

அவள் போய்விட்டாள். நான் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. உள்ளே அண்ணையின் றேடியோ மட்டும் மெல்லப் பாடிக்கொண்டிருந்தது.

அண்ணையும் அந்த நாட்களில் மாறிப்போயிருந்தார். பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டை வாசலில் உள்ள கதிரையில் வைத்துவிட்டுப் போ என்றார். நான் அப்பால் போன பிறகுதான் கதவு திறக்கிற சத்தம் கேட்கும். கோப்பையைத் தானே கழுவிக் கிணற்றடிக் கல்லில் கவிழ்த்து வைத்திருப்பார். ஏன் இப்படி என்று கேட்டதற்குக் கதவுக்குப் பின்னால் இருந்து சொன்னார்:

"நீ ஆசுபத்திரியிலை இருந்து வாறாய். எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை. கொஞ்ச நாளைக்கு என்ரை பக்கம் வராதை."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஊர் ஒதுக்கினால் பரவாயில்லை, கூடப்பிறந்தவரும் ஒதுக்குவதா? அதையே சொல்லிப் பேசினேன். "உங்களுக்காகத்தானே நான் கிணத்தடியிலை நிண்டு விறைக்கிறன்! சரி, இருங்கோ உள்ளுக்கையே. நானும் வரேல்லை." அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுமொழி சொல்லாத மனிதர் இல்லை அவர். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இன்னொன்றும் கண்டேன். நான் வேலையால் வந்து குளிக்கப் போகும்போது கிணற்றடி முன்னமே ஈரமாக இருந்தது. தண்ணீர் போகிற வாய்க்காலில் வேப்பிலைகள் ஒட்டிக்கிடந்தன. பின்வளவில் எங்களுக்கு ஒரு வேம்பு நிற்கிறது, காற்றுக்கு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். விழுந்த இலை பழுத்திருக்கும். இவை பச்சை இலைகள். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் வாளியோடு நின்றது எனக்கு ஞாபகம். ஏன் நிற்கிறேன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எனக்கு அன்று வேலை இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, களைப்பில் விறாந்தை வாங்கில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது வீடு முழுக்கப் புகை. பால் பொங்கி, வற்றி, சட்டியோடு கரியாகிவிட்டது. அந்த மணம் தொண்டையில் பிடித்து எனக்கு இருமல் வந்தது. சட்டியைத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு வந்தேன். குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அண்ணையின் அறை. கதவுக்குக் கீழால் புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவர் றேடியோவோடு சேர்ந்து மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை," என்றேன், "ஒண்டும் மணக்கேல்லையோ?"

பாட்டு நின்றது. "என்ன மணம்?" என்றார்.

மூக்கு போவது இந்த வருத்தத்தின் முதல் அடையாளம் என்பதை அந்த யன்னலில் நின்று எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். கதவைத் தள்ளினேன். உள்ளே ஏதோ முட்டுக் கொடுத்திருந்தார். தோளால் இடித்துத் திறந்தேன்.

கதிரையில் நேராக இருந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. உதடு நாவற்பழம் தின்றவரைப் போல இருந்தது. நகங்களும் அப்படித்தான். கதிரையின் முதுகில் வேப்பிலை, பாயின்மேல் வேப்பிலை, கதவு நிலைக்கு மேலே ஒரு கொத்து. எல்லாம் தென்னஞ்சாரால் இறுக்கிக் கட்டிய அதே கட்டு.

ஆசுபத்திரியால் கொண்டுவந்த, விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி என் பைக்குள் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து அவர் விரலில் மாட்டினேன். ஒட்சிசன் எழுபதுக்குக் கிட்ட நின்றது. அந்தக் கணக்கில் ஒருவரால் கதைக்கவே முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரோ கதைத்தார்.

"ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்? எனக்கு ஒண்டும் இல்லை. ரெண்டு தரம் தண்ணி வார்த்திட்டன். இன்னொரு தண்ணி வார்த்தா அம்மாள் இறங்கிடுவா."

"இது அம்மாள் இல்லை அண்ணை! உங்களுக்கு விசரோ?"

"எல்லாம் ஒண்டுதான். ஒட்டுறது, காய்ச்சல், ஒதுங்கி இருக்கிறது. அம்மா எங்களை உப்பிடித்தானே தப்ப வைச்சவ."

அப்போதுதான் எனக்கு அடுத்தது உறைத்தது. ஃபிரிட்ஜைத் திறந்தேன். போன கிளினிக்கில் நான் கொண்டுவந்த இன்சுலின் போத்தல் உடைக்காமல் அப்படியே இருந்தது. அம்மாள் வந்த உடம்பில் ஊசி படக்கூடாது. காய்ச்சல் தொடங்கிய நாளில் இருந்து அவர் குத்தவே இல்லை. சீனி எங்கே போய் நின்றிருக்கும்! நான் சுவரில் அடித்துக்கொண்டு அழுதேன். வாயில் வந்தபடியெல்லாம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்:

"உனக்குச் சொன்னா என்ன செய்வாய்? உடனை உன்னையும் பிடிச்சு அடைப்பினம், அந்தக் கிளினிக் யன்னலையும் பூட்டிப்போடுவினம். பிறகு அந்தச் சனத்துக்கு ஆர் மருந்து குடுக்கிறது? அதோடை, நீ என்ரை மூச்சுப் படாமல் இருக்கவேணும். பயமாக் கிடக்கு எண்டு சொன்னாத்தான் நீ கோவிச்சுக்கொண்டு கிட்ட வரமாட்டாய். எனக்கு உன்ரை குணம் தெரியாதோ?"

படலையில் நான் அறுத்து எறிந்த கொத்துகளை எல்லாம், நான் வேலைக்குப் போன பிறகு, இந்த மனிதர்தான் ஒரு விரல் போன காலோடு தட்டித் தடவி நடந்துபோய்க் கட்டியிருக்கிறார். யாரும் உள்ளே வந்து தன்னிடம் இருந்து வாங்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக.

ஆசுபத்திரிக்கு அனுப்பவேண்டாம் என்று கெஞ்சினார். என் கையைத் தொடமாட்டார், கையைக் கூப்பினார். "அங்கை போனவை பையிலைதான் வருகினம். உனக்கு முகமும் காட்டமாட்டினம்." நான் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து டொக்டருக்குச் சொன்னேன். வேறு வழி இருக்கவில்லை, அவர் கண் முன்னாலேயே நீலமாகிக்கொண்டிருந்தார்.

அம்புலன்ஸ் பொழுதுபடுகிற நேரம் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் சத்தமில்லாமல் உள்ளே வந்தார்கள். ஒழுங்கையின் இரண்டு பக்க வேலிகளுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். கிடுகு இடுக்குகளில் கண்கள் தெரிந்தன, ஒருவர் வாயும் திறக்கவில்லை. அண்ணையைப் படுக்கையில் ஏற்ற வந்தபோது, "பொறுங்கோ தம்பியவை, என்ரை செருப்பு" என்றார். அந்த வட்டமும் அந்த மனிதரின் வெறுங்காலும் எனக்கு ஞாபகத்துக்கு வந்தன. செருப்பை அவர் கால்களில் மாட்டிவிட்டேன். அதற்கு மட்டும் என்னைக் கிட்ட விட்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி. "போயிட்டு வாறன்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்து படலையில் தனிமைப்படுத்தல் என்று ஒரு கடுதாசி ஒட்டி, என்னை உள்ளே வைத்துப் பூட்டினார். மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். வீட்டில் நான் தனியே. இனி ஒருவரும் இல்லை என்று தெரிந்தும், அண்ணையின் அறைப் பக்கம் கதிரை நகர்கிற மாதிரி இருக்கும், எழும்பிப் போய்ப் பார்ப்பேன். வேப்பிலைகள் அவர் வைத்த இடத்திலேயே காய்ந்துகொண்டிருந்தன. எடுத்து எறிய எனக்குக் கை வரவில்லை.

நான் சுற்றிச் சுற்றி ஒன்றையேதான் நினைத்தேன். படலை தாண்டாதவருக்கு இது எப்படி வந்தது? என் உடுப்பிலா, தலைமயிரிலா, நான் கொண்டுவந்த குளிசைப் பையிலா? எந்த நாள்? எந்தச் செருப்புக்குரியவர் என் யன்னலுக்கு முன்னால் நின்று இருமினார்? நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சோறு உள்ளே போகவில்லை. வாயே திறக்காமல் நாளெல்லாம் இருந்தேன். நான்!

பி.எச்.ஐ. ஃபோனில் முடிவைச் சொன்னார். "அக்கா, உங்களுக்கு இல்லை. நெகட்டிவ்."

உடனே அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். ஒட்சிசன் முகமூடிக்குள்ளால் குரல் எங்கோ கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. பின்னால் இயந்திரங்கள் கூவிக்கொண்டிருந்தன. சொன்னேன்.

"உனக்கு இல்லை எண்டா," என்றார், "எனக்கு உன்னட்டை இருந்து வரேல்லை. என்ன?"

ஆசுபத்திரியில் வேலை செய்தவளுக்கு அந்தச் சோதனையின் இலட்சணம் தெரியும். அது அன்றைக்கு மூக்கில் இருந்ததை மட்டும்தான் சொல்லும். அதற்கு முன்னமே எனக்கு வந்து, ஒரு தும்மல்கூட இல்லாமல் மாறிப்போயிருக்கலாம். அப்படி எத்தனை பேரை நான் கண்டிருக்கிறேன்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை? உன்னட்டை இருந்து வரேல்லைத்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன். "என்னட்டை இருந்து வரேல்லை."

"அப்ப சரி. இனி அதைப் போட்டு யோசியாதை. நான் வைக்கிறன், இங்கை நேர்ஸ்மார் பேசுகினம்."

பிறகு நான் எடுத்தபோதெல்லாம் மணி மட்டும் அடித்தது. அடுத்த நாள் விடிய அந்த வாட்டில் இருந்து வேறொருவர் ஃபோன் எடுத்து, அண்ணை போய்விட்டார் என்று சொன்னார்.